மூச்சு என்றே எழுதவும்

புறப்படுவதற்கு முன் அவர் கடைசியாகச் செய்த காரியம், மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துத் தன் ஷூவுக்குள் காற்றடித்ததுதான். முதல் நாள் துவைத்துப் போட்ட கான்வாஸ் ஷூ அது. அடிப்பாகம் தேய்ந்து காகிதமாகியிருந்தது. அலமாரியில் புது ஷூ பெட்டி பிரிக்காமல் இருந்தாலும், வண்டி ஓட்டப் போகும்போது இதைத்தான் போடுவார். அடி மெலிசாக இருந்தால்தான் பெடலின் மனசு காலுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி.

டிரையரும் பழசு. பட்டனை அழுத்தினால் உடனே காற்று வராது. உள்ளே எதுவோ முனகும். போனால் போகிறது என்பது போல ஒரு கணம் பொறுத்துத்தான் ஊதத் தொடங்கும். புதிது வாங்கலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர் குறுக்கே விழுந்து தடுத்துவிடுவார்.

"பாத்தியா டீச்சர், இதுவும் டர்போதான். மிதிச்ச உடனே வராது. மூச்சு வாங்கிட்டுத்தான் வரும்."

"மிதிக்கல, அமுக்குறீங்க," என்றாள் அவள், தலையைத் துவட்டிக்கொண்டே. "அது என் தலைக்கு வாங்கினது. உங்க காலுக்கு இல்ல."

அவள் டீச்சர் இல்லை. பாடப்புத்தகம் அச்சிடும் நிறுவனத்தில் மெய்ப்புத் திருத்துபவள். கல்யாணமான புதிதில் அவர் ஆசை ஆசையாக எழுதிக் கொடுத்த வாழ்த்து அட்டையில் இரண்டு ஒற்றுப் பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். அன்று வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஷூ காய்ந்ததும் வாசலில் குந்தி நாடாவைக் கட்டினார். சாயங்காலம் வந்து சொல்வதைத் தட்டச்சு செய்யத் தயாராக இருக்கச் சொன்னார். விஷயம் பெரியது, கட்டுரையாகவே வரும் என்றார். அவள் சரி என்றாள். அவர் வழக்கம் போலக் கேட்டைச் சாத்தாமல் போனார். அவள் வழக்கம் போல முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சாத்தினாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்களில் அவர் கை படாதது அபூர்வம். பகலெல்லாம் கம்பியும் கப்பியுமாக மேலும் கீழும் போய்வருகிறவருக்கு, முன்னும் பின்னும் போகிற ஒன்றின் மேல் தீராத பித்து இருந்தது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஒரு பழைய டர்போ கார். இரண்டு பேர் வெறுத்து விற்றதை வாங்கி, அதன் எஞ்சினைத் தானே பிரித்துத் தானே பூட்டியிருந்தார். அந்தக் காரில் அவளும் போயிருக்கிறாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளியது போலப் பாயும். புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழன்று, அது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்க வேண்டும், சுழலத் தொடங்க அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று அவர் விளக்கியிருந்தார். அதனால் வளைவுகளில் ஒரு வித்தை உண்டு. வளைவு முடிவதற்கு முன்பே மிதித்துவிட வேண்டும். மிதித்ததன் பலன் வளைவு முடிந்து பாதை நேரானதும் கைக்கு வரும். வருஷக்கணக்கில் அவருடைய வலது கால் இதை அவரைக் கேட்காமலே செய்யப் பழகியிருந்தது.

அவரைப் போன்ற கார்ப் பைத்தியங்களுக்கு போனில் ஒரு குழு இருந்தது. அதில் பெரும்பாலோர் தாங்கள் பேசுகிற வண்டிகளைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். ஆனால் கருத்துக்கு மட்டும் பஞ்சம் இருக்காது. வாங்க முடியாத வண்டியின் பின் சக்கரம் அரை அங்குலம் அகலமா குறைச்சலா என்று சோறு தண்ணி இல்லாமல் சண்டை போடுவார்கள். அவர் எழுத்துக்கூட்டி அடிப்பதற்குள் வாதம் நாலு தெரு தாண்டிப் போய்விடும். ஆகவே அவர் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். பாத்திரம் கழுவிக்கொண்டோ, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டோ அவர் சொல்லுவார். அப்படித்தான் அவளுக்கும் கார்பன் கூரை, டர்போ, சஸ்பென்ஷன் எல்லாம் பழக்கமாயின. குழுவில் எல்லோருக்கும் அவள் அண்ணி.

அந்த வருஷம் வெளிவந்த ஒரு வண்டி குழுவையே இரண்டாகப் பிளந்துவிட்டது. பந்தயப் பாதைக்கென்றே செய்த கார். முதுகில் பெரிய இறக்கையும், உள்ளே உட்காருவதற்குக் கிண்ணம் போல இரண்டு இருக்கையும் தவிர வேறு சுகம் இல்லாதது. அந்த நிறுவனம் இந்த வரிசை வண்டிகளில் அதுவரை டர்போ வைத்ததே இல்லை. தானாகக் காற்றிழுத்து அலறும் எஞ்சின்தான் அவற்றின் பெருமை. இப்போது முதன்முறையாக டர்போ.

உதிரிபாகக் கடை வைத்திருந்த ஒருவர் இதைக் குடும்பத்துக்கு வந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார். குழுவில் அவர் பெயர் இரும்பு. டர்போ வந்தால் எஞ்சின் சத்தம் அமுங்கிவிடும் என்பது அவருடைய துக்கம். கச்சேரிக்குக் காசு கொடுத்துப் போய் உட்கார்ந்தால் பாடகன் வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி என்று எழுதினார். இறக்கையில் ஒரு வீட்டுத் துணி முழுக்கக் காயப்போடலாம் என்றார் இன்னொருவர். நம் தெரு வேகத்தடையில் இது வயிறு தட்டி நிற்கும், பிள்ளைகள் ஏறிச் சறுக்கு விளையாடலாம் என்றார் மற்றொருவர். ஆதரவாகப் பேசியவர்களில் முக்கியமானவர் டாக்டர். பல் டாக்டர். ஊரில் பல இடங்களில் அவருக்கு கிளினிக் உண்டு. குழுவிலேயே அந்த வண்டியை உண்மையில் வாங்கப் பணம் கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான். இந்த டர்போவை மின்மோட்டார் ஒன்று முன்கூட்டியே சுழற்றி வைத்திருக்கும், அதனால் தாமதமே இருக்காது என்று நிறுவனம் சொன்னதை அவர் முழுசாக நம்பினார்.

அவள் கணவர் நம்பவில்லை. டர்போ என்றால் காத்திருந்துதான் ஆக வேண்டும், நிறுவனக்காரன் எந்தக் காலத்தில் உள்ளதைச் சொன்னான் என்பது அவர் வாதம். ஆனால் அந்த வண்டியின் கார்பன் கூரையின் மேல் அவருக்குக் காதல். எஃகுக் கூரைக்குப் பதில் அதைப் போட்டதால் குறையும் எடையைப் பற்றி அவர் சொல்லி அவள் அடித்தது ஒரு முழுப் பக்கம் வந்தது. லிஃப்ட்காரருக்கு எடைதான் உயிர். ஒவ்வொரு கூண்டுக்கும் மறுமுனையில் அதன் எதிரெடை தொங்குகிறது என்று தெரிந்தவர், எதைப் பார்த்தாலும் முதலில் அதைத் தூக்கிப் பார்ப்பார்.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. புது வண்டிக்கு வெயிட் ரொம்பக் கம்மி என்று டாக்டர் எழுதினார். தமிழில் எழுதினால் இங்கிலீஷின் இரண்டு வெயிட்டும் ஒன்றுதான்; அவர் சொன்னது காத்திருக்கும் நேரத்தை. இவர் அதை எடை என்று படித்தார். டர்போ, அதன் குழாய்கள், குளிரூட்டி எல்லாம் சேர்ந்தால் வெயிட் எப்படிக் குறையும் என்று கணக்கோடு பாய்ந்தார். வெயிட்டைக் கணக்கில் பார்க்க முடியாது, உட்கார்ந்து மிதித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். மிதித்தால் எடை தெரிய இதென்ன தராசா என்றார் இவர். இரண்டு மாலை இப்படியே போயிற்று. இரும்பு இரண்டு பக்கமும் மாறி மாறிச் சேர்ந்துகொண்டு விறகு போட்டார். கடைசியில் அடித்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் பொறி தட்டியது.

"என்னங்க, நீங்க எடையைப் பத்திப் பேசுறீங்க. அவர் காத்திருக்கிறதைப் பத்திப் பேசுறார்."

அவர் கழுவிய தட்டோடு அப்படியே நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உள்ளேயிருந்து மகள் ஓடிவந்து என்ன என்ன என்று கேட்டாள். சொல்ல வாய் வராமல் மனைவியையும் காட்டி, போனையும் காட்டிச் சிரித்தார்.

அன்றே குழுவுக்கு ஒரு விதி எழுதப்பட்டது. வாசகம் அவருடையது, இலக்கணம் அவளுடையது. 'இக்குழுவில் டர்போவின் தாமதத்தை மூச்சு என்றே எழுதவும். வெயிட் என்றால் எடை மட்டுமே.' எல்லோரும் கைதட்டினார்கள். விதி குழுவின் முகப்பில் குத்திவைக்கப்பட்டது. அன்றிலிருந்து அவர் மூச்சு சார் ஆனார். டாக்டரும் அதற்குப் பிறகு ஒழுங்காக மூச்சு என்றே எழுதினார்.

வண்டி வந்து சேர்ந்தது. டாக்டர் அதைப் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோய் ஓட்டினார். ஆனால் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. எல்லோரும் கெஞ்சினார்கள். தன் கருத்து யாருக்கு வேண்டும், மூச்சு சார் வந்து ஓட்டிவிட்டு அவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஆர்வத்தை ஏற்றிவிட்டார். அதற்கு அவள் கணவர் அனுப்பிய பதில்தான் அவர் சொல்லி அவள் அடித்த கடைசிப் பத்தி. நேரில் ஓட்டியவர் மூச்சு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிடமே தன் கட்சியைக் கலைத்துவிடத் தயார், ஓட்டியவன் பேச்சுக்கு மேல் பேச்சில்லை. ஒரு ஒற்றுகூட அதில் அவள் போட வேண்டியிருக்கவில்லை.

அவர் ஓட்டப் போன அன்று, போன் வந்தபோது அவள் அலுவலகத்தில் இருந்தாள். சிறு பிள்ளைகளுக்கான புத்தகத்தில், வானவில் பற்றிய பக்கம். ஒரு வரியில் நிறம் என்பது நிரம் என்று விழுந்திருந்தது. பேசியது தெரியாத குரல். கேட்டு முடித்ததும் அவள் பென்சிலால் அந்த எழுத்தைச் சுழித்து ஓரத்தில் சரியானதை எழுதினாள். அதற்கப்புறம்தான் எழுந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள். எழுந்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று தோன்றியிருக்கலாம்.

மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அவர் உடைமைகளை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். கடிகாரம், பர்ஸ், ஷூ. மகள் வந்து சேரும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஷூவுக்குள் கை விட்டுப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

நடந்தது என்னவென்று வண்டியே பதிவு செய்து வைத்திருந்தது. பாதையின் முதல் பெரிய வளைவில், வளைவு பாதி இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டர் முழுசாக மிதிக்கப்பட்டிருந்தது. இந்த வண்டி காத்திருக்கிற ரகம் இல்லை. மிதித்த கணத்திலேயே அத்தனை பலத்தையும் பின் சக்கரங்களில் கொட்டிவிட்டது. வண்டி பம்பரமாகச் சுற்றிப் போய்த் தடுப்புச் சுவரில் மோதியிருந்தது, அவர் உட்கார்ந்திருந்த பக்கமாக.

முதல் சில நாட்கள் குழுவில் கைகூப்பும் படங்களாக வந்தன. பிறகு ஒருவர் தயங்கித் தயங்கி, இவ்வளவு பலமுள்ள வண்டியை இப்படிச் செய்வது சரியா என்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. டர்போதான் கொன்றது என்று ஒரு கூட்டம். குளிர்ந்த டயர் என்று ஒரு கூட்டம். வண்டியில் குற்றமில்லை, கால்தான் அவசரப்பட்டது என்று ஒரு கூட்டம். அவருடைய சாவும் அந்த வண்டியைப் பற்றிய ஒரு கருத்தாகிவிட்டது.

டாக்டர் அதில் ஒரே ஒரு முறைதான் எழுதினார். வண்டியில் ஏறும்போது தாமதம் கிடையாது என்று தானே வாய்விட்டுச் சொல்லி எச்சரித்ததாகவும், தெரியும் என்று அவர் தலையாட்டியதாகவும் எழுதினார். தன்மேல் பழி வராமலிருக்க எழுதியதாகத் தெரியவில்லை. அழுதுகொண்டே எழுதியது போலத்தான் வரிகள் இருந்தன. ஆனால் அதற்குக் கீழே இரும்பு ஒரு வாக்கியம் போட்டார். 'சொல்லியும் கேட்கவில்லை என்றால் என்ன செய்வது, வாதத்தில் தோற்கக் கூடாது என்று வளைவில் தோற்றுவிட்டான் மனுஷன்.'

அந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது. அதுதான் வினை. நன்றாக அமைந்த வாக்கியத்தைத் திருத்துவது கஷ்டம் என்று அவள் தொழிலில் கண்டிருக்கிறாள். தப்பாக இருந்தாலும் காதுக்கு இதமாக இருந்தால் நின்றுவிடும். வேறு குழுக்களுக்கும் அது போயிற்று. மகளின் கல்லூரியில் யாரோ அவளிடமே அதைக் காட்டினார்கள், அவள் யார் மகள் என்று தெரியாமல்.

மகள் அன்று வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா, அப்பா ஜெயிக்கிறதுக்காகவா செத்தார்?"

"யார் சொன்னது?"

"யார் சொன்னா என்ன? டாக்டர் மாமா சொல்லியிருக்கார், அப்பா தெரியும்னு தலையாட்டியிருக்கார். அப்புறமும் மிதிச்சிருக்கார். நான், நீ, யாருமே அப்ப ஞாபகம் வரலியா அவருக்கு?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் வெறும் இல்லையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள்? தோற்பதில் அவருக்கு ஒரு சந்தோஷமே இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். பிழையை எடுத்துக் காட்டினால் பரிசு கிடைத்த மாதிரி சிரிக்கிற ஆள். ஆனாலும் மிதித்தது அவர் கால். சொன்னது டாக்டர். தலையாட்டியதும் இவர்தான். இந்த மூன்றையும் எப்படி மாற்றி மாற்றி அடுக்கினாலும் வருகிற மனிதர் அவளோடு வாழ்ந்தவர் இல்லை. மகள் அதன் பிறகு அப்பாவின் படத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். ஷெட் பக்கமே போகவில்லை. செத்தவரோடு பேச்சை நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது அது. அவர் ஒரு தடவை போய்விட்டார், மகள் மனதில் இன்னொரு தடவை போய்க்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. இதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

டாக்டர் ஒரு ஞாயிறு காலை வந்தார். வாடகைக் காரில் வந்திருந்தார். விபத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்கையே தொடவில்லை என்றார். ஆள் பாதியாகியிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளறையில் மகள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் குரல் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் வந்தது. அப்புறம் உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"நான் சொல்லித்தான் அனுப்பினேன் அண்ணி," என்றார். "அதுவரைக்கும் விளையாட்டா மறைச்சு வச்சிருந்தேன். ஆனா அவர் பெல்ட் போட்டதும் மனசு கேக்கல. குனிஞ்சு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"அதான், உடனே பாயும், காத்திருக்காதுன்னு."

அவள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எழுதியவர் என்ன சொல்ல நினைத்தார் என்று பார்க்கக் கூடாது. தாளில் என்ன விழுந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். பொருளைப் படிக்கிறவனுக்குப் பிழை தெரியாது.

"அது நீங்க நெனச்சது டாக்டர். வாயில வந்த வார்த்தை என்ன? அப்படியே சொல்லுங்க."

டாக்டர் விழித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, இருவர் தலையிலும் ஹெல்மெட், கத்தித்தான் பேச வேண்டியிருந்தது என்றார். சன்னலில் குனிந்ததைக் கையால் செய்துகாட்டினார்.

"வெயிட்டே இல்ல, பாத்து ஓட்டுங்கன்னேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அவரும் சிரிச்சார். தெரியும், தெரியும்னார். கைய வெளிய நீட்டி மேல கூரையை ரெண்டு தட்டுத் தட்டினார், வரேன்னு சொல்ற மாதிரி. அப்புறம் கெளம்பிட்டார்."

கூரையை. அவள் ஒரு முழுப் பக்கம் அடித்த அந்தக் கூரையை. விடைபெறத் தட்டவில்லை அவர். இதோ இதனால்தானே வெயிட் இல்லை, நான்தான் அப்போதே சொன்னேனே என்று தட்டியிருக்கிறார். டாக்டர் ஒருவழியாக எடை விஷயத்தில் தன் கட்சிக்கு வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் சிரித்திருக்கிறார். ஓட்டியவன் வாயால் கேட்டால் கட்சியை விட்டுவிடுகிறேன் என்று சொன்ன, மூச்சு இல்லை என்ற அந்த ஒரு வார்த்தையை, அவர் கடைசிவரை கேட்கவே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் மூச்சு கேட்டது போலிருந்தது. எதிரில் டீயில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர். அவரிடம் மிச்சமிருப்பது 'சொல்லித்தான் அனுப்பினேன்' என்ற ஒரு பிடிதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கேவரை வந்திருக்கிறார். அதையும் பிடுங்கினால் இவர் எதில் நிற்பார்? பிடுங்காவிட்டால் உள்ளே இருப்பவள் எதில் நிற்பாள்? நல்ல வார்த்தை ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். இந்த விஷயத்துக்கு நல்ல வார்த்தை யாரும் செய்துவைக்கவில்லை.

"டாக்டர், வெயிட்னா நம்ம குரூப்ல என்ன?"

"என்ன அண்ணி?"

"விதி போட்டோமே. வெயிட்னா என்ன?"

அவர் உதடு அசைந்தது. எடை என்று சத்தம் வராமல் சொன்னது. பிறகு அவர் பார்வை மெதுவாக மேலே, அறையின் கூரைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. டம்ளரை அவர் கையிலிருந்து அவள் வாங்கி வைத்தாள்; இல்லாவிட்டால் விழுந்திருக்கும்.

"மூச்சுன்னு சொல்லியிருக்கணும்," என்றார். "எழுதும்போதெல்லாம் மூச்சுன்னுதான் எழுதினேன். பேசும்போது பழைய வார்த்தை வந்துடுச்சு அண்ணி."

"தெரியும்."

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாமே," என்றார். கோபமாக இல்லை. குழந்தை கேட்பது போலக் கேட்டார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா டாக்டர்."

அவர் தலையாட்டினார். எழுந்தார். வாசல்வரை போனவர் நின்று, திரும்பாமலே, இதைக் குழுவில் எழுதிவிடுங்கள், தான் எழுதினால் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு எழுதிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்றார். அவள் வெளியே வந்து பார்த்தபோது வாடகைக் கார் தெருமுனையைத் தாண்டியிருந்தது. கேட் திறந்து கிடந்தது.

அன்று மாலை அவள் எழுதினாள். சொல்ல ஆளில்லாமல், தானாக அந்தக் குழுவில் எழுதியது அதுதான் முதல் தடவை. என்ன வார்த்தை சொல்லப்பட்டது, அவர் எதைத் தட்டினார், என்ன புரிந்துகொண்டார் என்பதை மட்டும் எழுதினாள். யார் குற்றம் என்ற சொல்லே அதில் இல்லை. அனுப்புவதற்கு முன் வழக்கம் போல ஒருமுறை பிழை பார்த்தாள். மகள் பின்னால் நின்று தோள் வழியாகப் படித்தாள்.

முதலில் சிலர் கைகூப்பினார்கள். 'ஐயோ அண்ணி' என்றார் ஒருவர். தன் வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதாகவும், மூச்சு சார் தன்னை மன்னிக்க வேண்டும் என்றும் இரும்பு எழுதினார், மனசாரத்தான் எழுதியிருந்தார். அப்புறம் யாரோ ஒரு புது ஆள், தப்பாக நினைக்க வேண்டாம், ஆனால் அந்தக் கூரையால் குறைவது அப்படியொன்றும் பெரிய எடை இல்லை என்றார். கதவுக் கண்ணாடியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். இரும்பால் பொறுக்க முடியவில்லை. பழைய எஞ்சின் இருந்திருந்தால் கூரையைச் சுரண்டி எடை குறைக்கும் கேவலமே வந்திருக்காது என்று இறங்கினார். வாதம் பற்றிக்கொண்டது. நடுவில், சத்தமில்லாமல், சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்து மேலே போயிற்று. டாக்டர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். அதைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

"பாரும்மா இவங்கள," என்றாள் மகள். அவள் குரல் உடைந்திருந்தது. "அப்பா இருந்தா இந்நேரம் என்ன சொல்லியிருப்பார்?"

"கதவுக் கண்ணாடிக்காரனை விட்டிருக்க மாட்டார்."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. நின்றபடியே அம்மாவின் தலையில் முகத்தைப் பதித்துக்கொண்டு அழுதாள், அவர் போனதிலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து. அதில் கோபம் இல்லை என்பது அம்மாவுக்குக் கேட்டது. வெறும் துக்கம்தான் இருந்தது. அதையாவது மகளுக்குத் திருப்பிக் கொடுக்க முடிந்ததே என்று நினைத்தாள். அதற்கான விலையை வாடகைக் காரில் திரும்பிப்போன ஒருவர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது. ஒன்று மற்றொன்றை ஈடு செய்யவில்லை.

டாக்டர் கிளினிக்குகளை வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டாள். ஒருமுறை போன் செய்து பார்த்தாள். எடுக்கவில்லை. ஷெட்டில் இருந்த பழைய காரை இரும்பு வந்து வாங்கிப் போனார். டர்போ வண்டியை வாழ்நாளில் தொட மாட்டேன் என்றவர், அதைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். தெரு திரும்பும்போது அது ஒரு கணம் தயங்கி, பிறகு பாய்கிற சத்தம் வீட்டுக்குள்வரை கேட்டது. மகள் வாசலில் நின்று, சத்தம் தேய்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் குழுவின் முகப்பில் விதி இன்னும் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. அதை அவள் திறந்து பார்ப்பதில்லை. வேலைக்குப் போகும் நாட்களில் காலையில் தலை குளித்துவிட்டுக் கண்ணாடி முன் உட்காருகிறாள். பட்டனை அழுத்தினால் உடனே காற்று வருவதில்லை. உள்ளே எதுவோ முனகுகிறது. ஒரு கணம் பொறுத்துத்தான் வருகிறது.